பதிவேட்டு அறைச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டக் கருவூலங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் பழைய பதிவேட்டு அறைகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க.

நான் காங்கயம் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். 31 வருசமாக இதே வேலை. யாருடைய தாய்ப்பத்திரம் எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது பக்கத்தில் இருக்கும் என்று மோப்பம் பிடித்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அப்படிப்பட்டவனுக்குச் சொந்தப் பூட்டனைப் பற்றிய ஒரே ஒரு பதிவைக் கண்ணால் பார்க்க 9 வருசம் பிடித்தது. கடைசியில் அது கிடைத்தது டெல்லியிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. உங்களைப் போன்ற ஒருவர் சாவி வைத்திருக்கும் அறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்தது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. கதவைத் திறந்துவிட்ட மனுசர் உபகாரமாகத் திறந்தார். உள்ளே பார்த்ததை நான் எழுதி, அது அவர் தலையில் விடியக் கூடாது.

எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, அப்பா முதல் உலகப் போரில் இராக்கில் இருக்கும் பசரா போனவர். புத்தகங்களில் பாஸ்ரா என்றிருக்கும். எங்களுக்கு எப்போதும் பசராதான். ஊரில் எங்கள் வீட்டுக்கே 'பசராக்காரர் ஊடு' என்று பேர். பேரீச்சம்பழத்தைக் கண்டால் எழுந்து போய்விடுவாராம். ஏன் என்று யாரும் கேட்டதில்லையாம். அவர் சுபேதாராக இருந்தார், இங்கிலீசில் கையெழுத்துப் போடுவார், வெள்ளைக்காரத் துரையே எழுந்து நின்று கை கொடுப்பார் என்றெல்லாம் ஆத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தோம். கைக்கு ஆதாரம் என்று இருந்தது அட்டாலியில், அதாவது பரணில், கிடந்த ஒரு தகரப் பெட்டியும் ஒரு மெடலும்தான்.

மெடல் முதலில் இரண்டு இருந்ததாம். வெள்ளியில் இருந்ததைப் பெரியத்தை பிறந்தபோது அரைஞாண்கொடிக்குக் கொடுத்து உருக்கிவிட்டார்கள். இன்னொன்றை ஆசாரி கல்லில் உரசிப் பார்த்து, "இது ஒண்ணுக்கும் ஆகாதுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதில் றெக்கை விரித்து நிற்கும் ஒரு பெண் உருவம். ஆத்தா அதை ஏதோ ஒரு அம்மன் என்று முடிவு செய்து சாமி மாடத்தில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய்க் கை. முகம் தேய்ந்து, விளிம்பெல்லாம் கறுத்த பிசுக்கு ஏறி, நான் பார்க்கும்போது அது ஒரு வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. ஆத்தா காலமான பிறகு ஒரு நாள் புளி போட்டுத் தேய்த்தேன். பிசுக்கு கரைந்ததும் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்து தெரிந்தது. ஒரு எண், ஒரு பதவி, ஒரு பேர், ஒரு படைப்பிரிவு.

முதல் போரில் கொடுத்த வெள்ளி மெடலிலும் வெண்கல வெற்றி மெடலிலும் இப்படி விளிம்பில் விவரம் பொறித்துத்தான் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கு விலை இருந்ததால் அது போனது. விலை போகாதது வீட்டோடு தங்கியது. அந்தக் காங்கயத்து ஆசாரி மகராசனாக இருக்கட்டும்.

பொறித்திருந்த பேரைப் படித்துவிட்டு, இது நம்மவர் இல்லையோ என்று ஒரு மாசம் சந்தேகப்பட்டேன். எங்கள் பூட்டன் பேர் பழனியப்பன். மெடலில் இருந்தது 'புல்னியாப்பென்'. பழனி மலையையே புல்னி என்று எழுதினவர்கள் பழனியப்பனை மட்டும் விட்டுவைப்பார்களா? கரூரைக் காரூர் என்றும், மேட்டுப்பாளையத்தை மெட்டாபோலியம் என்றும் எழுதிய கை அது. பழைய ஆவணத்தில் தேடுகிற ஆளுக்கு முதல் பாடம் இதுதான்: நம் பேரை நாம் எழுதுகிற மாதிரி தேடினால் நாம் கிடைக்க மாட்டோம். காதில் இங்கிலீஷ் மட்டுமே ஏறின ஒரு கிளார்க்கு நம் பேரைக் கேட்டால் எப்படி எழுதியிருப்பார் என்று, அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பதவி சாப்பர், அதாவது பாலம், பாதை வேலை பார்க்கும் படையில் கடைநிலைச் சிப்பாய். சுபேதார் இல்லை. படைப்பிரிவு 'இரண்டாவது க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்', அதாவது விக்டோரியா மகாராணி பேரில் இருந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1780இல் மெட்ராஸ் பயோனியர்ஸ் என்று இரண்டு கம்பெனியாகத் தொடங்கி, பல தடவை பேர் மாறி, இன்றைக்கு பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று இருக்கும் அதே படைதான். 1880களில் ராபர்ட்ஸ் துரை மாதிரியான தளபதிகள் 'மெட்ராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லை' என்று நம் ஊர்க் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தபோதும், பாலம் கட்டவும் குழி வெட்டவும் சுரங்கம் வைக்கவும் நம்மாட்களை விட்டால் நாதியில்லாமல் இந்தப் படையை மட்டும் கை வைக்காமல் வைத்திருந்தார்கள். 1944இல் இத்தாலியில், வெடிக்கப் போகும் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் விருதைப் பெற்ற முதல் இந்தியரான சுபேதார் சுப்பிரமணியம் இந்தப் படையைச் சேர்ந்தவர்தான். ஆக, சுபேதார் என்று பெருமை பேச வேறு ஆள் இருக்கிறார். எங்களுக்குச் சாப்பரே போதும்.

இந்த எண்ணையும் படைப்பேரையும் வைத்துக்கொண்டு ஒரு பதிவு அலுவலகத்துக்கு எழுதினேன். எட்டு மாசம் கழித்து வந்த பதிலில் இருந்தது ஒரே வரி: பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்கள் உரிய காலம் முடிந்ததும் அழிக்கப்பட்டுவிட்டன. விதி அப்படி இருக்கிறது என்பது உண்மை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவரின் பணி ஆவணங்களை 25 வருசம் வைத்திருந்தால் போதும் என்பது ராணுவ விதி. ஆனால் என் பூட்டன் பென்ஷன் வாங்கினவர். அதைத்தான் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். மீண்டும் எழுதினேன். மீண்டும் அதே வரி, தேதி மட்டும் வேறு. பணி ஆவணம் போனாலும் 'லாங் ரோல்' என்கிற நீளப் பதிவேட்டில் ஒரு வரியாவது மிஞ்சியிருக்கும் என்று ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பது ஒரு பதில். அச்சடித்த வரியை நகல் எடுத்து அனுப்புவது பதிலாகுமா? பத்திரத்தில் செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தை, படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டால் என் லைசென்ஸ் என்ன ஆகும்?

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1670இலிருந்து தாள் வைத்திருக்கும் இடம் அது. ராணுவத் துறை நடவடிக்கைகளே 1752இல் தொடங்குகின்றன. இரண்டு நாள் உட்கார்ந்த பிறகுதான் என் அறியாமை எனக்கு உறைத்தது. 1895 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை, பம்பாய், வங்காள மாகாணப் படைகளைக் கலைத்து ஒரே இந்தியப் படையாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பட்டாளத்துக்குப் போனவரின் காகிதம் சென்னை அரசாங்கத்தின் கைக்குப் பெரும்பாலும் வராது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ராணுவத் துறைக் கோப்புகளை வீட்டிலிருந்தே தேடலாம். தேடினேன். கொள்கை முடிவு, கோவேறு கழுதைக் கொள்முதல், பூட்ஸ் ஒப்பந்தம் எல்லாம் வந்தன. புல்னியாப்பென் வரவில்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அதிகாரிகளுக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் வம்சாவளியே எழுதலாம். நம் ஆட்களுக்கு அங்கே இடம் கொஞ்சம்தான்.

அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. எந்த அரசாங்கமும் ஆளை மறக்கும், காசை மறக்காது. ஒருவருக்கு மாசாமாசம் பணம் கொடுத்தால் கொடுத்ததற்குக் கணக்கு வேண்டும். கொடுத்தது சரியான ஆளுக்குத்தான் என்பதற்கு அடையாளம் வேண்டும். பென்ஷன் உத்தரவில் ஒரு பாதி வாங்குகிறவர் கையில், மறு பாதி பணம் கொடுக்கிற கஜானாவில். பூட்டனார் பென்ஷன் வாங்கத் தாராபுரம் போவார், வரும்போது துண்டில் பொரி முடிந்து வருவார் என்று ஆத்தா சொன்னது பொய்யாக இருக்காது. அன்றைக்குக் காங்கயம் தாராபுரம் தாலூகாவில்தானே இருந்தது. ஆக, டெல்லியில் இல்லாத பூட்டன் இருபது மைலுக்குள் எங்கேயோ இருக்க வேண்டும்.

இருந்தார்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜன்னல் ஒன்று, அதுவும் ஆணி அடித்து மூடியது. தேர்தல் பெட்டிகள், பழைய சீலிங் ஃபேன் இறக்கைகள், ஒரு கூட்டம் வௌவால். சுவரோரம் சிவப்புத் துணியில் கட்டின மூட்டைகள் கூரை வரைக்கும். கீழ் வரிசை மூட்டைகளைத் தொட்டால் உள்ளே மண்; துணி இருக்கிறது, காகிதம் கரையான் வயிற்றுக்குப் போய்விட்டது. நான் தேடினது தரையிலிருந்து மூன்றாவது வரிசையில் இருந்தது. இரண்டு வரிசை கீழே வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. ராணுவப் பென்ஷன் வாங்கினவர்களின் பேர் எழுதின பதிவேடு அது. நீளவாக்குப் புத்தகம், முதுகில் தோல் அட்டை, பாதிப் பக்கங்களில் எலி கடித்த அரைவட்டம்.

புல்னியாப்பென். தகப்பன் பேர் சடையப்பன். ஊர் பேர் கிட்டத்தட்டச் சரியாகவே எழுதியிருந்தது. படைப்பிரிவு மெடலில் இருந்ததேதான், எண்ணும் அதேதான். உயரம் ஐந்தடி நாலங்குலம். அங்க அடையாளம்: மோவாயில் அம்மைத் தழும்பு, இடது பாதத்தில் இரண்டு விரல் இல்லை. பென்ஷனுக்குக் காரணம் உடல் தகுதி இழப்பு. தொகை எழுதியிருந்த இடத்தில்தான் எலியின் அரைவட்டம் விழுந்திருந்தது. கையொப்பம் என்ற இடத்தில் கறுப்பு மசியில் இடது பெருவிரல் ரேகை. இங்கிலீஷ் கையெழுத்துக் கதை அதோடு முடிந்தது.

இரண்டு விரல் இல்லாத சங்கதி எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டுக்கொண்டே நடப்பார், அதனால் கொழுப்பெடுத்தவர் என்று மாமியார் வீட்டில் பேர் என்று ஆத்தா சொல்லியிருக்கிறார். எண்பது வருசப் பழிச்சொல் ஒரு வரியில் கழுவிவிட்டது. சடையப்பன் என்ற பேரும் புதிது. அதுவரைக்கும் எங்கள் வம்சம் பழனியப்பனில் தொடங்கியது. இப்போது ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.

ஒரு சங்கடமும் கிடைத்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பூட்டனார் இறந்தது ஈஸ்வர வருசம் மாசி அமாவாசை. அதாவது 1938இன் தொடக்கம். அன்றைக்குத்தான் இன்றும் திதி கொடுக்கிறோம். பதிவேட்டில் கடைசியாகப் பணம் கொடுத்த தேதி 1939 ஆகஸ்ட். ஆத்தாவுக்கு வருசம் தப்பியதா, அல்லது எங்கள் ஊட்டுப் பெரியவர்கள் யாராவது ஒன்றரை வருசம் அவருக்குப் பதிலாகப் பெருவிரலை நீட்டினார்களா? இரண்டு விரல் இல்லாத இன்னொரு ஆளை எங்கே பிடித்தார்கள்? என் தம்பி சொல்கிறான், கேஸ் காலாவதியாகிவிட்டது, விடு என்று.

சிரிப்பை விட்டுவிட்டு விசயத்துக்கு வருகிறேன்.

என் தொழிலில் ஒன்றைத் தினமும் பார்க்கிறேன். நிலம் இருந்தவன் பேர் எங்கள் புத்தகங்களில் இருக்கிறது. தோட்டம் வைத்திருந்தவர், காடு விற்றவர், கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம் வைத்திருந்தவர் எல்லாரையும் நூறு வருசத்துக்கு முன்னால் வரைக்கும் பேர், தகப்பன் பேரோடு எடுத்துக் கொடுத்துவிடுவேன். நிலம் இல்லாத பண்ணையத்தாள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பட்டாளத்துக்குப் போனவர்களில் நிறையப் பேர் அந்தப் பண்ணையத்தாள் வீட்டுப் பிள்ளைகள்தான். 1914இல் ஒரு சிப்பாய்க்கு மாசச் சம்பளம் 11 ரூபாய். அந்தக் காசுக்குத்தான் கப்பல் ஏறினார்கள். பூட்டனார் திரும்பி வந்து வாங்கின மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டுக் கிரயப் பத்திரம்தான் எங்கள் வீட்டில் முதல் பத்திரம். பக்கத்துக் காட்டுப் பத்திரங்களில் இன்றைக்கும் 'பட்டாளத்தான் காட்டுக்கு மேற்கு' என்று செக்குபந்தி வருகிறது. அதை நானே பல தடவை நகல் எழுதியிருக்கிறேன். ஆக, அந்த மாதிரி ஒருவர் இந்த மண்ணில் இருந்தார், இந்த ஊர்க்காரர், இன்னாருக்குப் பிள்ளை என்று அரசாங்கம் எழுதி வைத்த ஒரே இடம் பல குடும்பங்களுக்கு உங்கள் கஜானாப் பதிவேடுதான்.

போரில் செத்தவர்களுக்குக் கல்லில் இடம் உண்டு. அதுவும் எல்லாருக்கும் இல்லை. டெல்லி இந்தியா கேட்டில் சுமார் 70,000 பேருக்கான நினைவு என்று சொல்கிறோம், பொறித்த பேர்கள் 13,000 சொச்சம்தான். பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் நம் அதிகாரிகளுக்குப் பேர், சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் இதை ஒத்துக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. பிழைத்து ஊர் திரும்பி, கடலைக்காட்டில் களை வெட்டி, கட்டிலில் கிடந்து செத்தவருக்கு எந்தக் கல்லும் இல்லை. பென்ஷன் வரி மட்டும் உண்டு.

பென்ஷன் காகிதத்தின் அருமை தெரிய லண்டன் கதை ஒன்றே போதும். 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானக் குண்டு விழுந்து, முதல் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப்பதிவுகளில் பாதிக்கு மேல் கிடங்கோடு எரிந்துபோயின. அந்தப் பள்ளத்தை ஓரளவுக்கு நிரப்பியது பென்ஷன் அமைச்சகம் தனியாக வைத்திருந்த காகிதங்கள்தான். அங்கேயும் நம்மைப் போலத்தான் ஆட்கள்: மிச்சமிருந்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பென்ஷன் அட்டைகளைக் கழித்துப் போட இருந்தார்கள், 2012இல் வெஸ்டர்ன் ஃப்ரண்ட் அசோசியேஷன் என்ற ஆர்வலர் சங்கம் வாங்கிக் காப்பாற்றியது. இன்னும் பக்கத்தில் பாருங்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் 97 வருசம் யாரும் புரட்டாமல் கிடந்த பஞ்சாப் பதிவேடுகள், சுமார் 26,000 பக்கம், 3,20,000 வீரர்கள், ஊர் ஊராக எழுதியது. 2021இல் அவற்றில் ஒரு பகுதியைப் படமெடுத்துத் தேடும்படி செய்ததும், கடல் தாண்டிப் போன குடும்பத்துப் பேரன்கள் தங்கள் ஊர்ப் பேரைத் தட்டிப் பாட்டனைக் கண்டுபிடித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காகிதத்தில் இந்தப் பக்கத்துக்காரரும் கிடைத்தார்.

அவர்களுக்கு ஊர் பேரில் தேட முடிந்தது. அதுதான் சூட்சுமம். எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்டெக்ஸ் ஒன்று, இன்டெக்ஸ் இரண்டு என்று வைத்திருக்கிறோம். முதலாவது ஆள் பேரை வைத்து, இரண்டாவது சொத்து இருக்கும் கிராமத்தை வைத்து. பேர் தப்பாக எழுதியிருந்தாலும் கிராமத்தை வைத்துப் பிடித்துவிடலாம். வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுச் சட்டத்திலேயே இந்த அறிவு இருக்கிறது. ஒரு சென்ட் குப்பைமேட்டுக்குச் செய்கிற மரியாதையை ஒரு ஆளுக்குச் செய்யக் கூடாதா? பழைய ராணுவப் பென்ஷன் பதிவேடுகளுக்கு ஒரு இன்டெக்ஸ் இரண்டு போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கிராமம், ஆள் பேர், தகப்பன் பேர், படைப்பிரிவு, பதிவேட்டுப் பக்க எண். ஐந்து பத்தி. அவ்வளவுதான்.

ஜாதி என்றும் ஒரு பத்தி அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. அதை நகலெடுக்க வேண்டாம். அங்க அடையாளத்தையும் வேண்டாம். அது அந்தந்த வீட்டார் வந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. என் பூட்டன் காலைப் பற்றி நானே எழுதிவிட்டேன், அது என் பாத்தியம். அடுத்த வீட்டுப் பூட்டன் விசயத்தில் அப்படிச் செய்ய எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை.

இன்னொரு சிக்கலை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மாவட்டம் பிரியும்போதெல்லாம் மூட்டையும் பிரிகிறது. பழைய கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து 1910இல் கரூர் திருச்சிக்குப் போனது. 1956இல் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. 1979இல் ஈரோடு தனியாகி, காங்கயமும் தாராபுரமும் அதோடு சேர்ந்தன; 2009இல் அவை இரண்டும் திருப்பூருக்கு வந்தன. ஒவ்வொரு தடவையும் லாரியில் ஏற்றி இறக்கினவர்கள் நடப்புக் கோப்பைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். நூறு வருசத்து மூட்டை எங்கே தங்கியது என்று சொல்ல ஆளில்லை. திருப்பூரில் கேட்டால் ஈரோடு என்கிறார்கள், ஈரோட்டில் கேட்டால் கோவை என்கிறார்கள், கோவையில் "அதெல்லாம் அப்பவே அனுப்பிட்டமுங்க" என்கிறார்கள். எந்த மூட்டை எந்த அறையில் இருக்கிறது என்று ஆறு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு ஒற்றைப் பட்டியல் போட்டாலே பாதிப் பேரின் அலைச்சல் தீரும்.

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். ராணுவப் பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. இனி கருவூலத்தில் பழைய ராணுவப் பதிவேட்டை யாரும் புரட்டத் தேவையில்லை. தேவையில்லாத பொருள் அலுவலகத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆயுத பூசைக்கு முன்னால் எடைக்குப் போகும். 1993ஆம் வருசத்துப் பொதுப் பதிவேடுகள் சட்டம், மத்திய அரசு ஆவணங்களில் 1892க்கு முன் உருவானவற்றை, சிதைந்து பயனற்றுப் போயிருந்தால் ஒழிய, அழிக்கக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் பசரா போனவர்கள் எல்லாரும் அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம். அவர்களுக்குச் சட்டத்தைவிடச் சாவிக்காரர்தான் காவல். கழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் ராணுவப் பென்ஷன் என்று தலைப்பு இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். இருந்தால் எடைக்காரருக்குப் பதில் எழும்பூருக்கு எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் போச்சு என்பார்கள். 20 வருசத்துக்கு முந்தைய சங்கதியைப் பெரும்பாலும் கொடுத்தாக வேண்டும் என்று அதன் 8(3) பிரிவு சொல்கிறது. கேட்டேன். 'கோரப்பட்ட பதிவேடு எந்த அறையில் உள்ளது எனக் கண்டறிய இயலவில்லை' என்று மரியாதையாக வந்தது. அதில் பொய் இல்லை. பட்டியல் இல்லாத அறைக்கு எந்தச் சட்டமும் உள்ளே நுழைய முடியாது.

இரண்டாம் போர்க்காரர்கள் நிலை இதைவிட மோசம். 25 லட்சம் பேர் இருந்த படையைப் போர் முடிந்ததும் பெருமளவில் கலைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பென்ஷனுக்குரிய வருசம் முடியாதவர்கள். கையில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள். வெள்ளகோயில் பக்கத்து ஆத்தா ஒருவர், பர்மா போய் வந்தவரின் சம்சாரம், இரண்டாம் போர் வீரர் மனைவிக்கான உதவித்தொகை கேட்டு என்னிடம் மனு எழுத வந்தார். டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே என்றேன். முந்தானையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் கொட்டினார். கரையான் தின்றது போக அட்டையின் ஒரு மூலையும் ஒரு ஸ்டாம்பும் இருந்தன. படைப்பிரிவு பேர் இல்லை, எண் இல்லை. "இது போதுங்களா சாமி?" என்றார். போதாது. என் பூட்டன் மாதிரி அவர் புருசன் எந்தக் கஜானாவிலும் ரேகை வைக்கவில்லை. அந்த மனுவை எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. தை மாசத்துக்கு முன்பே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் நம்மூர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை. அட்டாலியில் தகரப் பெட்டி கிடந்தால் பாத்திரக்காரனுக்குப் போடும் முன் திறந்து பாருங்கள். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கலாம். மெடலைப் பாலீஷ் போடக் கடையில் கொடுக்காதீர்கள். விளிம்பு எழுத்து தேய்ந்துவிடும். புளி போதும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை இரும்புப் பீரோவில் வையுங்கள்.

அலுவலர்களுக்கு: பட்டியல் போட ஆளில்லை, நேரமில்லை என்பீர்கள், அது நிஜமும்கூட. ஆளை நான் தருகிறேன். எங்கள் எழுத்தர்களில் ஓய்வான நாலு பேர், பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள், சம்பளம் கேட்காமல் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கஜானா மசி மங்கியிருந்தாலும், மோடி என்கிற பழைய மராத்திக் கூட்டெழுத்து குறுக்கே வந்தாலும் சமாளிக்கிறவர்கள். நோட்டு, பென்சில், முகமூடி எங்களுடையது. பேனா உள்ளே கொண்டுவர மாட்டோம். உங்கள் ஆள் ஒருவர் கூட உட்காரட்டும், ஒரு தாளும் வெளியே போகாது. எங்களுக்கு வேண்டியது ஒரு மேசை, ஓடுகிற ஒரு ஃபேன், அந்த ஜன்னல் ஆணியைப் பிடுங்க அனுமதி.

முகூர்த்த நாளில் எங்களுக்குப் பத்திர வேலை அதிகம். செவ்வாய்க்கிழமைகளில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள், அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் சும்மாதான் இருக்கிறோம். எந்த அறையிலிருந்து தொடங்கலாம், சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரியப்படுத்துங்கள். காலை பத்து மணிக்கு வாசலில் இருப்போம்.

இப்படிக்கு,
பட்டாளத்தான் காட்டுப் பழனியப்பனின் கொள்ளுப்பேரன்,
காங்கயம்